இடது பக்கத்து இருக்கை

அந்த வண்டியைக் கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பெட்ரோல் பம்பை மட்டும் போட்டு, அது டிக்டிக்கென்று அடித்து ஓயும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஆக்ஸிலேட்டரை மூன்று தடவை முழுசாக மிதிக்க வேண்டும். நாலாவது தடவை மிதித்தால் ஓவர்ஃப்ளோ ஆகிவிடும். அப்புறம் அரை மணி நேரத்துக்கு அந்தக் கடவுளே வந்தாலும் கிளம்பாது. மூன்று மிதித்து, காலை எடுத்து, பத்து எண்ணி, அதன்பிறகுதான் சாவி. கிளம்பியதும் சமையலறை அலமாரியில் டம்ளர்களெல்லாம் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்.

அடுப்பின் முன் நின்றபடி அவளும் மனசுக்குள் பத்து எண்ணுவாள். வண்டி கிளம்பாவிட்டால் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போகும். கிளம்பிவிட்டால் இவளுக்குத் தலைவலி. இரண்டில் எது தேவலை என்று மூன்று வருஷமாக அவளால் முடிவுக்கு வர முடியவில்லை.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். காலை ஏழு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் மூன்று மணிக்குத்தான் கழற்றுவாள். எதிர்முனையில் இருப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, மூச்சை வைத்தே, அழப்போகிறாரா சண்டைக்கு வரப்போகிறாரா என்று சொல்லிவிடுவாள். நாள் முழுக்க ஊர் குரலையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சத்தம் போடாமல் இருந்தால் போதும். அது மட்டும் அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் ரூம்களில், ஓடுகிற மோட்டாரில் காதை வைத்துக் கேட்டே பழுது கண்டுபிடித்தவர். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன வருஷம், வண்டி பெட்டி பெட்டியாக வந்து வாசலில் இறங்கியது. அறுபது வருஷத்துக்கு முந்தைய பந்தயக் கார் ஒன்றின் நகல். உடம்பு ஃபைபர், சீட்டு இரண்டு, கூரை கிடையாது. என்ஜின் மட்டும் நகல் இல்லை. பந்தயத்துக்கென்றே முடுக்கிவிட்ட அசல் என்ஜின். இன்றைக்குச் சந்தையில் விற்கிற எந்த வண்டியிலும் பெட்ரோலை அளந்து கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். இதில் இருந்தது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கார்புரேட்டர்கள். ஒன்றுக்குக் கொஞ்சம் காற்று கூடிவிட்டால் மற்றதற்குப் பொறுக்காது. இருமும், வெடிக்கும், நடுரோட்டில் நின்றுவிடும்.

ஆறு வருஷம் உட்கார்ந்து கட்டினார். "இதுவும் ஒரு பிள்ள மாதிரிதான்" என்றார் ஒருநாள்.

"பிள்ள இல்ல, சக்களத்தி" என்றாள் அவள். அன்றைக்கு இரண்டு பேரும்தான் சிரித்தார்கள்.

சக்களத்தியே பரவாயில்லை, துணியில் பெட்ரோல் நாற்றமாவது வராது. துவைத்தாலும் போகாத நாற்றம் அது. ஆஸ்பத்திரியில் பக்கத்து சீட்டுக்காரி, "வீட்ல பங்க் வெச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். வண்டியின் பக்கவாட்டில் ஓடும் சைலன்ஸர் அவள் கெண்டைக்காலில் இரண்டு இடத்தில் சுட்டுத் தழும்பு போட்டிருக்கிறது. இடது பக்கம் அவள் கால் வைக்கும் இடத்துக்கு அடியில்தான் புகைக்குழாய் போகிறது. ஒரு ஜோடி செருப்பு அங்கேயே உருகியது. வெயிலில் ஐந்து நிமிஷம் நிறுத்திவிட்டுக் கிளப்பினால் கிளம்பாது, கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்துப் போயிருக்கும். "கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்" என்பார் அவர். இந்த ஊர் சாலையோர மரநிழல் எல்லாவற்றிலும் அவள் உட்கார்ந்தாயிற்று. எந்த மரத்தடியில் எறும்பு, எதில் இல்லை என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

இத்தனைக்கும் முதல் இரண்டு வருஷம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. போன வருஷத்திலிருந்துதான் சனியன் பிடித்துக்கொண்டது. நின்றால் உதறுகிறது. மிதித்தால் வெடிக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பிளக்கில் கரி பிடித்துக் கழற்ற வேண்டியிருக்கிறது. அவர் பெட்ரோலைத் திட்டினார், மழையைத் திட்டினார், கார்புரேட்டர் பாகம் அனுப்பியவனை வண்டை வண்டையாகத் திட்டினார். ஒருதரம் அவளிடமே, "ஷெட்டுல துணி காயப்போடறப்ப ஸ்க்ரூவ ஏதாச்சும் தொட்டியா?" என்று கேட்டார். அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதில் சொல்வதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு சிக்னலில் அது நடந்தது. சிவப்பு விழுந்து, வண்டி நின்று உதறிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடது பக்கத்து இருக்கையில் காலை ஒடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன தோன்றியதோ, சாதாரணக் குரலில் கேட்டாள்.

"என்னால முடியலங்க. அக்கா வீட்டுக்குப் போயிக் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமா?"

அவர் திரும்பவில்லை. ம் என்று ஒரு சத்தம்கூட இல்லை. பச்சை விழுந்தது. வண்டி போயிற்று.

கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் அவர் அவளை அடித்ததில்லை, திட்டியதுகூட அபூர்வம். ஆனால் அந்த ஒரு மௌனம் அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. போ என்றாவது சொல்லியிருக்கலாம், போகாதே என்றாவது சொல்லியிருக்கலாம். முள்ளைப் பார்க்கிற மனுஷன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவில்லையே என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவரிடம் தேவைக்குத்தான் பேசினாள். உப்பு இருக்கு. கரண்ட் பில் வந்திருக்கு. மகள் பேசினா.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் நேருக்கு நேராக உட்கார்ந்து சொன்னாள். "அந்தப் பல் டாக்டர் ரொம்ப நாளா வண்டியக் கேக்கறாரே. ஞாயித்துக்கிழம வந்து பாக்கச் சொல்லுங்க. பிடிச்சா எடுத்துட்டுப் போகட்டும்."

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். இவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அவரிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. கட்டிலுக்கு அடியில் அவள் பை தயாராக இருந்தது. அக்காவிடம் போனில் பேசியாகிவிட்டது. "ரூம் காலியாத்தான் கெடக்கு, எப்ப வேணா வா" என்றிருந்தாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வண்டி போய்விட்டால் பையைப் பிரித்துவிடுவாள். வண்டி போகாவிட்டால் அன்று சாயங்காலம் பஸ் ஏறிவிடுவாள். இந்தத் தடவை கொஞ்ச நாளைக்கு இல்லை. பல் டாக்டரோ கறாரானவர். "அஞ்சு நிமிஷம் உதறாம நிக்கணும், சூடா இருக்கறப்ப நிறுத்தினா மறுபடி கிளம்பணும். இல்லேன்னா எனக்கு வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகமொத்தம் அவள் குடித்தனம் இரண்டு கார்புரேட்டர் கையில் போய் நின்றது.

சனிக்கிழமை காலையிலிருந்து அவர் ஷெட்டிலேயே கிடந்தார். மதியம் அவள் டீ எடுத்துக்கொண்டு போனபோது கருத்துப்போன பிளக்குகள் ஒரு துணியில் வரிசையாக இருந்தன. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஓடியது என்பதைவிட நொண்டியது என்று சொல்லலாம். அவர் கையில் ஒரு முழ நீள ரப்பர் குழாய்.

கார்புரேட்டர் சரிபார்க்க அவர் எந்தக் கருவியும் வாங்கியதில்லை. குழாயின் ஒரு முனையைக் காதுக்குள் வைத்துக்கொள்வார், மறுமுனையைக் கார்புரேட்டர் வாயில் பிடிப்பார். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்கும். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே அளவு ஓசை தரும்வரை ஸ்க்ரூவைத் திருப்புவார். "கருவி பொய் சொல்லும், காது சொல்லாது" என்பது அவர் பீற்றிக்கொள்கிற பேச்சு. ஷெட்டில் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும், உள்ளே போனால் திரும்ப முடியாது. அதனால் முன் கார்புரேட்டருக்கு விளக்குப் பக்கமாக நுழைவார், என்ஜின் அவருக்கு வலது கைப்பக்கம் இருக்கும். பின் கார்புரேட்டருக்குக் கதவுப் பக்கமாக நுழைவார், அப்போது என்ஜின் இடது கைப்பக்கம். மூன்று வருஷமாக இதே வழக்கம்.

"இந்த டார்ச்சக் கொஞ்சம் பிடி" என்றார்.

பிடித்தாள். அவர் முன்னால் போய்க் கேட்டார், வெளியே வந்து சுற்றிக்கொண்டு பின்னால் போய்க் கேட்டார். திருப்புளியால் பின் ஸ்க்ரூவை இன்னும் ஒரு கால் சுற்றுத் திருகினார். என்ஜின் இன்னும் மோசமாக உதறியது.

"ரெண்டும் சமமாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் இப்படிப் பண்ணுது?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

"எங்க சமமா இருக்கு? பின்னால இருக்கறது சீறுதே."

"சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?"

வேறு நாளாக இருந்தால் டீயை வைத்துவிட்டுப் போயிருப்பாள். நாளைக்கு வண்டி போயாக வேண்டுமே. டார்ச்சை அவர் கையில் திணித்துவிட்டுக் குழாயைப் பிடுங்கிக்கொண்டாள். தன் காதில் வைத்து முதலில் முன்னால் கேட்டாள், பிறகு பின்னால். டவுட்டே இல்லை. எட்டு மணி நேரம் அடுத்தவர் மூச்சை அளக்கிற காது அது.

"முன்னால இருக்கறது மூச்சு விடுது. பின்னால இருக்கறது பிரஷர் குக்கர் மாதிரி கத்துது. உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் குழாயை வாங்கிக் கதவுப் பக்கமாக நுழைந்து மறுபடி கேட்டார். "சமமாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். எந்தப் பழுதாக இருந்தாலும் ஒன்றைக் கழற்றி மற்றதன் இடத்தில் மாட்டிப் பார்ப்பதுதான் அவர் தொழில். குழாய் முனையை இடது காதிலிருந்து எடுத்து, கழுத்தை வளைத்து, வலது காதில் வைத்தார். முகம் மாறியது. மறுபடி இடது. மறுபடி வலது. நாலு தடவை மாற்றினார். பிறகு கையை நீட்டி என்ஜினை அணைத்தார்.

ஷெட் அமைதியானது. லிஃப்டில் பழுது இன்னதென்று ஆபீசுக்குப் போனில் சொல்கிற அதே குரலில், "இடது பக்கம் போயிடுச்சு" என்றார்.

காது மந்தமாகிக்கொண்டே வந்திருக்கிறது. பின் கார்புரேட்டரைக் கேட்கிற அந்தக் காதில் வர வர ஓசை குறைந்ததால் பின் ஸ்க்ரூவை வர வரத் திறந்து விட்டிருக்கிறார். ஒரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நல்ல வண்டியைத் தன் கையாலேயே கெடுத்து, ஞாயிற்றுக்கிழமை அதைத் திட்டியிருக்கிறார். அவர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து குழாயை முழங்காலில் போட்டுக்கொண்டார். முப்பது வருஷ மோட்டார் ரூம் என்று ஏதோ முணுமுணுத்தார். அவளுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. வேறொன்று வந்து அடைத்துக்கொண்டிருந்தது.

இடது பக்கம். சிக்னலில் அவள் உட்கார்ந்திருந்தது இடது பக்கத்தில்.

அப்படியானால் அவருக்குக் கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றுக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்? நாலு மாதம் உப்புக்கும் கரண்ட் பில்லுக்கும் மட்டும் வாயைத் திறந்து, அந்த மனுஷனை ஒரு வேற்றாள் மாதிரி நடத்தியிருக்கிறாள். அவர் மேல் பாவமாகவும் தன் மேல் வெறுப்பாகவும் இருந்தது. எதையாவது செய்யாவிட்டால் அழுதுவிடுவோம் என்று பயந்து, "எந்திரிங்க, நான் கேக்கறேன், நீங்க திருப்புங்க" என்றாள்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. "கொஞ்சம் மூடுங்க. இன்னும். போதும், போதும், கொஞ்சம் தெறங்க." கடைசியாக ஒரு இடத்தில் இரண்டு ஓசையும் ஒன்றாகிப் போயின. உதறல் நின்றது. ஒரு வருஷமாக நொண்டிய என்ஜின் நிதானமாக, கனமாக முழங்கியது. அவர் பானெட் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நல்லா ஓடறப்ப எதுக்கு விக்கணும் என்று இப்போது கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று அவள் பயந்துகொண்டே காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தார்.

அன்று படுக்கும் முன் கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து, இரண்டு துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பல் டாக்டர் மனைவியுடன் வந்தார். மூன்று மிதி, பத்து எண்ணிக்கை, சாவி. ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. டாக்டர் வாட்சைப் பார்த்து ஐந்து நிமிஷம் நிற்க வைத்தார், ஒரு சுற்றுப் போய்வந்து அணைத்தார், சூட்டோடு மறுபடி கிளப்பினார். எல்லாவற்றிலும் தேறியது. டாக்டர் வாயெல்லாம் பல்லாக இறங்கினார்.

"பிரமாதம்! யார் ட்யூன் பண்ணது?"

"இவங்கதான்" என்று அவர் அவளைக் காட்டினார். "எனக்கு ஒரு காது போயிடுச்சு, சார். ஒரு வருஷமா அது தெரியாம வண்டியக் கெடுத்துட்டிருந்தேன். இவங்க காதுலதான் சரியாச்சு."

அதிகம் பழக்கமில்லாத மனிதரிடம் இப்படிப் போட்டு உடைப்பார் என்று அவள் நினைக்கவில்லை. டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "அப்ப இனிமே எதுன்னாலும் உங்களத்தான் கூப்பிடணும்" என்றார்.

"ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் பண்ணுங்க. காது டாக்டருக்கு லைன் போட்டுத் தர்றேன்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள், டாக்டரின் மனைவியைத் தவிர. அந்த அம்மாள் இடது பக்கத்து இருக்கையை ஒருவிதச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில், "எறங்கறப்ப காலை நல்லா அகட்டி வைங்க, சைலன்ஸர் சுட்டுடும். தடிச்ச செருப்பாப் போட்டுக்கங்க. தலைக்குத் துணி கட்டிக்கங்க" என்றாள். அந்த அம்மாள் இவளை நிமிர்ந்து பார்த்தாள்.

வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது. இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவர், "போயிடுச்சு" என்றார். அவளுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. மெயின் ரோட்டில் ஏறுவது கேட்டது, கியர் மாறுவது கேட்டது, பாலம் தாண்டிய பிறகும் மெல்லிசாக ஒரு முழக்கம் கேட்டது. வேண்டாத ஒன்றையும் தானே கடைசிவரை கேட்டு வழியனுப்ப வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் அதுவும் நின்றது. எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.

அவள் சுற்றிக்கொண்டு வந்து அவருக்கு வலது பக்கம் நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாலு மாசமா உங்க மேல கோவமா இருந்தேன். தப்பு என்னோடதுதான். அன்னைக்கு சிக்னல்ல நான் ஒண்ணு கேட்டேன், உங்களுக்குக் கேக்கல போல..."

"கேட்டுச்சு" என்றார் அவர்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சமாத்தான் கேட்டுச்சு. ஆனா கேட்டுச்சு. அக்கா வீட்டுக்குப் போயிக் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமான்னு கேட்ட. என்ன சொல்றதுன்னு தெரியல. அதான் முள்ளப் பாத்துட்டிருந்தேன். பச்ச விழுந்துச்சா, தப்பிச்சோம்டான்னு இருந்துச்சு." சற்று நிறுத்தினார். "நீ டாக்டருக்கு வண்டியக் குடுக்கச் சொன்னப்ப, அதாச்சும் செய்வோம்னு சரின்னேன். கட்டிலுக்கடில பையப் பாத்தேன்."

காதின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். பொய் தயாராக இருந்தது, அதை அவளேதான் எடுத்துக் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்திருக்கும். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. நேற்று அவருக்காகப் பட்ட இரக்கத்தையெல்லாம் திருப்பிக் கேட்க வேண்டும் போல இருந்தது. கூடவே, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு மனுஷனோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்றும் தோன்றியது. இரண்டில் எதை வெளியே விடுவது என்று தெரியாமல் வாசல்படியில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப பதில் சொல்லுங்க" என்றாள். "வண்டிதான் போயிடுச்சே. இனிமே பாக்கறதுக்கு முள்ளும் இல்ல."

அவர் யோசித்தார். "போயிட்டு வா" என்றார்.

சாயங்காலம், நேற்று அலமாரியில் எடுத்து வைத்த இரண்டு துணியையும் மறுபடி பையில் வைத்தாள். பையை அவர் வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அவள் பழக்கதோஷத்தில் இடது பக்கமாகவே நடந்தாள். நாலு தப்படி போனதும் அவர் நின்று, பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவளைச் சுற்றி வந்து மறுபக்கம் சேர்ந்துகொண்டார்.

பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது.

"பத்து நாள்" என்றாள் அவள்.

"கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

அவள் நின்றுகொண்டிருந்தது அவருடைய வலது பக்கம். அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பஸ் பக்கத்தில் வருவதற்குள் இன்னொரு தடவை சொன்னாள்.